புது உறுப்பினரை எப்படி அழைப்பது? அரிமா சங்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே, ஒரு கடைத்தெரு, ஒரு பஸ் ஸ்டாண்டு, இரண்டு அரிசி ஆலை என்று முடிந்துவிடும் ஊர் எங்களுடையது. இங்கே உள்ள அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப் என்றால்தான் ஊரில் பாதிப் பேருக்குப் புரியும்) இந்த ஆண்டு உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நான் உரக்கடைக்காரன். யூரியா மூட்டை விற்கத் தெரியும், ஆள் சேர்க்கத் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. கூட்டத்துக்குக் கூட்டம் அதே கேள்விகள் வருவதால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன். சில பதில்கள் மூத்த உறுப்பினர்களுக்குக் கசக்கும். தலைவரிடம் காட்டிவிட்டேன். அவர் ஒரு வரியைத்தான் அடிக்கச் சொன்னார்.

இருக்கிறவர்கள் போதாதா? எதற்குப் புது ஆட்கள்?

பட்டியலில் 34 பேர். கூட்டத்துக்கு வருவது 15 பேர். கண் சிகிச்சை முகாம் அன்று காலை 7 மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்பது எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். அந்த முகாமுக்கு என்ன வேலையெல்லாம் இருக்கிறது? மூன்று நாள் முன்பே ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்ல வேண்டும். வருகிற பெரியவர்களின் பெயரை எழுத ஒருவர், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் இடத்தில் வரிசையை ஒழுங்குபடுத்த ஒருவர், கண்ணில் சொட்டு மருந்து விட்ட பிறகு மங்கலாகத் தெரிகிறவர்களைக் கைபிடித்து அழைத்துப் போக இரண்டு பேர் வேண்டும். புரை அறுவைக்குத் தேர்வானவர்களை ஆஸ்பத்திரிப் பஸ்ஸில் ஏற்றும்போது, "வேண்டாம், பயமாயிருக்கு, நான் வீட்டுக்குப் போறேன்" என்று இறங்கிவிடும் பாட்டியிடம் பொறுமையாகப் பேச ஒருவர் கட்டாயம் வேண்டும். போனவர்கள் திரும்பி வந்து ஒரு மாதத்தில் மறுபரிசோதனைக்குப் போனார்களா என்று பார்க்கவும் ஆள் வேண்டும். நம்மில் ஆறேழு பேர் தாங்களே புரை அறுவை செய்துகொண்ட வயதில் இருக்கிறோம்.

கண்தானம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. உயிர் பிரிந்து 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுத்தாக வேண்டும். சாவு வீட்டில் அழுகைக்கு நடுவே, மூத்த மகனைத் தனியே கூப்பிட்டுக் கேட்க, அந்தத் தெருவில் அவர்களுக்குப் பழக்கமான ஒருவர் வேண்டும். கண் வங்கிக்குப் போன் செய்துவிட்டு, இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலைக்குத் தலையணை கொடுத்து உயர்த்தி வைக்கச் சொல்ல வேண்டும். மேலத்தெருவில் நமக்கு ஆள் இருக்கிறது. கீழத்தெருவில் இல்லை. அங்கே செய்தி நமக்குத் தெரிவதற்குள் பந்தல் போட்டுப் பறையும் கொட்டி, நேரம் கடந்துவிடுகிறது.

அரிமா சங்கம் என்றால் என்ன என்று கேட்டால் எவ்வளவு சொல்லலாம்?

இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 1917-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் மெல்வின் ஜோன்ஸ் என்ற காப்பீட்டு வியாபாரி, தன்னோடு தொழில் செய்கிறவர்களிடம், லாபம் பேசக் கூடுகிற நாம் ஊருக்கும் ஏதாவது செய்தால் என்ன என்று கேட்டதில் தொடங்கியது. 1925-ல் ஹெலன் கெல்லர் மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றவர்களுக்காகப் பாடுபடும்படி கேட்டுக்கொண்டார். நம் சங்கங்கள் கண் முகாமில் இத்தனை அக்கறை காட்டுவது அன்றிலிருந்து வந்த பழக்கம். இந்தியாவில் முதல் சங்கம் 1956-ல் பம்பாயில் வந்தது. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் சுமார் 14 லட்சம் பேர் இருக்கிறார்கள்.

இதற்கு மேல் வரலாறு பேசினால் கேட்கிறவர் கடிகாரத்தைப் பார்ப்பார். போன தீபாவளிக்கு எத்தனை பேருக்குக் கண்ணாடி கொடுத்தோம் என்பதைச் சொல்லுங்கள். சிகாகோவைவிட அது அவருக்குப் பக்கம்.

யாரை அழைப்பது? எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே உறுப்பினர்கள்.

இதைச் சொல்லாதவர் இல்லை. காரணம், நாம் எல்லோரும் ஒரே கடைத்தெருவின் இரண்டு பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள். நகைக்கடைக்காரர் ஜவுளிக்கடைக்காரரைச் சேர்த்தார், அவர் மருந்துக்கடைக்காரரைச் சேர்த்தார், அத்தோடு தெரு முடிந்துவிட்டது.

கொஞ்சம் தள்ளிப் பாருங்கள். நாச்சியார்கோவில் பக்கம் குத்துவிளக்கு வார்க்கும் பட்டறைக்காரர்கள், திருபுவனத்தில் பட்டுத்தறி வைத்திருப்பவர்கள், பாபநாசம் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள் என்று எத்தனையோ பேர் நம் கடைகளுக்கே வந்து போகிறார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் ஓய்வு பெற்ற நடத்துநர், கிராம சுகாதார செவிலியர், பால் சொசைட்டி செயலாளர், பி.எட். முடித்துவிட்டு டியூஷன் எடுக்கும் பெண் ஆகியோரில் யாரையாவது நாம் கேட்டிருக்கிறோமா? ஓய்வு பெற்ற நடத்துநருக்குத் தெரியாத வீடு இந்த வட்டாரத்தில் கிடையாது. நான் ஒரு முறை எண்ணிப் பார்த்தேன், என் கடையின் கடன் நோட்டில் மட்டும் 40 ஊர்ப் பெயர் இருந்தது. அத்தனை ஊரில் சங்கத்துக்கு ஆள் இருப்பது இரண்டில்.

பொதுவேலைக்கு இறங்குவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. குடிமராமத்து என்று வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வாய்க்கால் வெட்டப் போன ஊர்கள் இவை. 2017-ல் அதே பெயரில் அரசு திட்டம் கொண்டுவந்தபோது, பழைய ஆட்கள் "இதைத்தானே எங்க அப்பா செஞ்சார்" என்றார்கள். அப்படிச் சொன்ன ஆள் யார் என்று நினைவிருந்தால் அவரிடம் போங்கள்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. என்ன சொல்லித் தொடங்குவது?

"எங்க கிளப்ல சேருங்க" என்று தொடங்காதீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் எதிரே இருப்பவர் மனதில் சந்தா, கோட்டு, மேடை, ஃபோட்டோ இவ்வளவும் ஓடிவிடும். சீட்டுப் பிடிக்கவும் இன்ஷூரன்ஸ் எடுக்கவும் கூப்பிடுகிறவர்களைப் பார்த்துப் பழகியவர்கள் நம் மக்கள். முகம் மாறிவிடும்.

ஒரு வேலையைக் கேளுங்கள். "ஞாயித்துக்கிழமை காலையில 7-லேர்ந்து 11 வரைக்கும் நம்ம ஸ்கூல்ல கண் கேம்ப் இருக்கு. பேர் எழுத ஓர் ஆள் குறையுது. உங்க கையெழுத்து நல்லா இருக்கும், வர முடியுமா அண்ணே?" இப்படிக் கேட்டு "முடியாது" என்று சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை. ஒருவர் மட்டும் தன் மகனை அனுப்பினார். அந்த மகன்தான் இப்போது நம் துணைச் செயலாளர்.

நாங்கள் இதைக் கற்றுக்கொண்டது கோட்டை விட்ட பிறகு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்துவிட்டன. நம் சங்கத்திலிருந்து மூன்று லாரியில் அரிசி, தார்ப்பாய், மெழுகுவத்தி, பால் பவுடர் போனது. ஏற்றி இறக்க உறுப்பினர்கள் போதவில்லை. எங்கிருந்தோ இருபது, இருபத்திரண்டு இளைஞர்கள் வந்தார்கள், யாரும் கூப்பிடாமலே. சாய்ந்த மரங்களை அறுத்து வழி விட்டுக்கொண்டே உள்ளே போய்ப் பொருளைக் கொடுத்துவிட்டு, இரவு லாரி மேலேயே தூங்கினார்கள். பத்து நாள் கழித்து எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் ஒரு நன்றிக் கூட்டம் போட்டு, மேடையில் எங்களுக்கு நாங்களே பொன்னாடை போர்த்திக்கொண்டோம். அந்த இளைஞர்களின் போன் நம்பரை யாரும் எழுதி வைத்திருக்கவில்லை. ஆளை வெளியே தேடுகிறோம், கையில் இருந்தவர்களை விட்டுவிட்டோம்.

அதனால் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எந்த முகாமிலும் உறுப்பினரல்லாதவர் வந்து உதவினால், அன்றைக்கே பெயரும் நம்பரும் நோட்டில் ஏறும். அடுத்த வேலைக்கு அவரை முதலில் கூப்பிடுவோம். மூன்று முறை வந்துவிட்டால், விண்ணப்பப் படிவத்தை அவரே கேட்பார். கேட்காவிட்டால் மட்டும் நாம் எடுத்துக் கொடுப்போம்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் சேரலாமா?

18 வயது நிறைந்தவராக, ஊரில் நல்ல பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். சங்கத்தின் அழைப்பின் பேரில்தான் சேர்க்கை. அதனால் ஓர் உறுப்பினர் முன்மொழிய வேண்டும், செயற்குழு ஒப்புக்கொள்ள வேண்டும். முன்மொழிகிறவர் கையெழுத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. முதல் ஆறு மாதம் அவரைக் கூட்டத்துக்கு வண்டியில் ஏற்றி வருவதும், பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்வதும் அழைத்தவர் கடமை.

செலவு எவ்வளவு ஆகும்? அதைக் கேட்டுத்தான் எல்லோரும் பின்வாங்குகிறார்கள்.

முதலிலேயே முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். சந்தாவில் ஒரு பங்கு சர்வதேச அமைப்புக்கும் ஒரு பங்கு அரிமா மாவட்டத்துக்கும் (நம் பகுதிச் சங்கங்கள் சேர்ந்த அமைப்பு) போகிறது, மீதி நம் சங்கத்துக்கு. சர்வதேசச் சந்தா ஜூலையிலும் ஜனவரியிலும் அரையாண்டுக்கு ஒரு முறை கணக்காகிறது. ஒரே வீட்டிலிருந்து இரண்டாமவர், மூன்றாமவர் சேர்ந்தால் அவர்களுக்குச் சர்வதேசச் சந்தாவில் பாதிதான். கணவன் மனைவியாகச் சேர நினைப்பவர்களிடம் இதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இன்னொன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். நம்மிடம் இரண்டு கணக்கு இருக்கிறது. சந்தாப் பணம் நிர்வாகக் கணக்கில். சாப்பாடு, மண்டப வாடகை, பொறுப்பேற்பு விழா எல்லாம் அதிலிருந்து. பொதுமக்களிடம் திரட்டிய பணம் சேவைக் கணக்கில், அதிலிருந்து ஒரு காபிகூட வாங்கக் கூடாது. இது சர்வதேச விதி, நாம் பெருந்தன்மையால் செய்வதில்லை. "வசூல் பண்ணித் தின்னுடுவானுங்க" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் இந்த விதியைக் கேள்விப்பட்டதில்லை. விளக்கினால் நம்புவார்கள், வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் இன்னும் நன்றாக நம்புவார்கள்.

நம்மைப் பயமுறுத்துவது சந்தாவைவிட மற்ற செலவுகள்தாம். டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி இருக்கிறது. கூட்டத்தில் கலகலப்புக்காக உறுப்பினர்களுக்குச் சின்னச் சின்ன அபராதம் போடுகிறவர். 10 ரூபாய் வரை வேடிக்கை. 500 ரூபாய் ஆகும்போது, சம்பளக்காரர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். பிறந்தநாள், திருமண நாளுக்குச் சாப்பாடு போடுகிற வழக்கமும் அப்படித்தான், முடிந்தவர் போடட்டும், வரிசை வைக்க வேண்டாம்.

பெண்களைச் சேர்க்கலாமா? கேட்டால் வருவார்களா?

முதல் கேள்விக்கான பதில் 1987-லேயே முடிந்துவிட்டது. அந்த ஆண்டுதான் அரிமா சங்கங்களில் பெண்கள் உறுப்பினராகலாம் என்று விதி மாறியது. 2018-ல் ஐஸ்லாந்தைச் சேர்ந்த குத்ருன் இங்வாதோத்தீர் சர்வதேசத் தலைவராகவே ஆனார். நம் ஊரில் மட்டும் "குடும்பத்தோடு வரும் நாள்" என்று ஆண்டுக்கு இரண்டு நாள் கூப்பிட்டுக் கோலப்போட்டி நடத்திக்கொண்டிருக்கிறோம்.

வருவார்களா என்பதற்கு, நாம் கூட்டம் போடுகிற நேரத்தைப் பாருங்கள். அழைப்பிதழில் 7 மணி, தொடங்குவது 8, முடிவது பத்தரை. வலங்கைமான் பக்கமிருந்து வரும் ஒரு டீச்சர் அதற்கு மேல் எந்தப் பஸ்ஸைப் பிடிப்பார்? மாதத்தில் ஒரு கூட்டத்தை ஞாயிறு மாலை 4 மணிக்கு மாற்றினோம். இரண்டு மாதத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்தார்கள், எந்தப் பிரச்சாரமும் செய்யவில்லை. அதில் ஒருவர் சத்துணவு அமைப்பாளர். ரத்ததான முகாமுக்கு வரும் மாணவிகளில் பாதிப் பேரை ஹீமோகுளோபின் 12.5 இல்லை என்று திருப்பி அனுப்புவதைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு முருங்கைக்கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் முதல்ல பார்க்கலாமே" என்றார். இத்தனை வருடம் ரத்ததான முகாம் நடத்தியவர்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

இளைஞர்கள் சென்னைக்கும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்களே?

போய்விட்டார்கள், உண்மைதான். ஆனால் பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருகிறார்கள், அந்தப் பத்து நாளைக் கணக்கில் வையுங்கள். ரத்ததானம் செய்ய 18 வயதும் 45 கிலோ எடையும், மேலே சொன்ன 12.5 ஹீமோகுளோபினும் இருக்க வேண்டும், ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறை கொடுக்கலாம். பொங்கலுக்கு மறுநாள் முகாம் போட்டுப் பாருங்கள்.

ஊரிலேயே இருக்கிற பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கு, அரிமா சங்கத்தின் இளைஞர் பிரிவான லியோ சங்கம் இருக்கிறது. 12 முதல் 18 வரை ஒரு பிரிவு, 18 முதல் 30 வரை இன்னொரு பிரிவு. அவர்களைத் தண்ணீர்ப் பாட்டில் எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். ஒரு முகாமை முழுதாக அவர்களிடம் விட்டுவிடுங்கள், தப்பு வந்தால் வரட்டும்.

சாதி, கட்சி, மதம் பார்த்துச் சேர்க்க வேண்டுமா?

கூடாது. கட்சி அரசியலும் மத வாதமும் சங்கக் கூட்டத்தில் விவாதத்துக்கே வரக் கூடாது என்பது நம் நோக்கங்களில் எழுதியிருக்கிற ஒன்று. ஆனால் எழுதாமல் நடப்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தெருவிலிருந்து மட்டும் ஆள் எடுத்தால், வெளியில் அது அந்தத் தெருக்காரர்கள் சங்கம்தான், பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ராஜகிரி, பண்டாரவாடை பக்கத்திலிருந்து முஸ்லிம் நண்பர்களை அழைத்துவிட்டு, தொழுகை நேரமான வெள்ளிக்கிழமை மதியம் கூட்டம் வைத்தால் என்ன அர்த்தம்? காலனியில் கண்ணாடி கொடுக்கப் போகிறோம், அங்கிருந்து ஒருவரும் உறுப்பினராக இல்லை. (தலைவர் அடிக்கச் சொன்னது இந்த வரியைத்தான். அப்புறம் அவரே இருக்கட்டும் என்றார்.)

எந்த மாதத்தில் ஆள் சேர்க்கப் போவது நல்லது?

வயலைப் பார்த்துப் போங்கள். ஜூன் 12 மேட்டூர் திறப்பதாக இருந்தால் அதற்கு முன்னும் பின்னும் குறுவைக்காரர்கள் கையில் பிடிபடமாட்டார்கள். தை அறுவடையில் நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு மழைக்குப் பயந்து தார்ப்பாயோடு காவல் இருக்கிறவரிடம் போய்ச் சேவை பேசினால் அடிக்காமல் விடுவதே பெரிது. மாசி, பங்குனியில் சம்பாப் பணம் கைக்கு வந்து, மனதும் கொஞ்சம் லேசாக இருக்கும். முகாம்களும் அப்போதுதான் நிறையும்.

சேர்ந்தவர்கள் ஒரு வருடத்தில் ஏன் நின்றுவிடுகிறார்கள்?

நின்றுபோன ஒன்பது பேர் வீட்டுக்கு நானே போய்க் கேட்டேன். ஏதாவது கோபம் இருக்கும் என்று நினைத்துப் போனேன். இரண்டு பேர் வங்கி வேலையில் மாற்றலாகிப் போயிருந்தார்கள். ஒருவருக்கு உடம்பு சரியில்லை. மற்ற ஆறு பேரும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார்கள்: "வந்தேன், கைதட்டினேன், சாப்பிட்டேன், வந்துட்டேன். என்னை யாரும் எதுவும் செய்யச் சொல்லலை சார்."

ஒருவர் சொன்னது இன்னும் சங்கடமாக இருந்தது. அவர் எலக்ட்ரீஷியன். சங்கக் கட்டடத்தில் மின்விசிறி ஒன்று ஆறு மாதமாக ஓடவில்லை. அதன் கீழேயே உட்கார்ந்திருக்கிறார். யாராவது கேட்பார்கள் என்று பார்த்தாராம், கேட்கவில்லை. வெளியிலிருந்து ஆள் வைத்துச் சரி செய்தோம், கூலி கொடுத்து.

இப்போது புதியவர் சின்னத்தைக் குத்திக்கொள்ளும் அன்றைக்கே, பெயர் சொல்லி ஒரு வேலை கொடுக்கிறோம். குழுத் தலைவர் பதவி எல்லாம் இல்லை. பழைய கண்ணாடிகளைச் சேகரிக்கும் பெட்டி மருந்துக்கடையில் இருக்கிறது, அதை மாதம் ஒரு முறை எடுத்து வர வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அது அவருடைய வேலை.

மேடையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். முன்பெல்லாம் பழைய தலைவர்கள் ஒவ்வொருவரும் ஐந்து நிமிடம் வாழ்த்துவார்கள், நமக்குப் பழைய தலைவர்கள் பதினொரு பேர்.

ஜூனில் சங்க ஆண்டு முடிவதற்குள் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்கிறார்கள். பேருக்குச் சேர்த்துச் சந்தாவை நாமே கட்டிவிடலாமா?

வேண்டாம். ஒரு வருடம் அப்படிச் செய்து கேடயம் வாங்கினோம். அடுத்த ஜூலையில் அத்தனை பெயரும் உதிர்ந்துவிட்டது, கேடயம் அலமாரியில் இருக்கிறது.

எங்கள் கிராமத்தில் ஆறேழு பேர் தயாராக இருக்கிறார்கள். டவுனுக்கு வர முடியவில்லை. தனிச் சங்கம் தொடங்கலாமா?

புதுச் சங்கத்துக்கு 20 பேர் வேண்டும். ஆனால் 5 பேர் இருந்தாலே நம் சங்கத்தின் கிளையாகத் தொடங்கலாம். தாய்ச்சங்கம் நாம்தான், கூட்டமும் சேவையும் அவர்கள் ஊரிலேயே நடத்திக்கொள்ளலாம். வெண்ணாற்றுக் கரையில் இருக்கிற ஊர்களுக்கு இதுதான் சரி. மழைக்காலத்தில் ஏதாவது நடந்தால் டவுனிலிருந்து நாம் போய்ச் சேருவதற்குள் அவர்கள் பாதி வேலையை முடித்திருப்பார்கள். ஆறேழு பேர் என்கிறீர்களே, இந்த வாரமே பெயரை எழுதிக் கொடுங்கள்.

பேனரில் புது உறுப்பினர் படத்தைப் போட வேண்டுமா?

அவரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சிலருக்கு ஆசை, சிலருக்குக் கூச்சம். ரேஷன் அரிசி வாங்குகிற குடும்பத்துக்கு நாம் உதவி கொடுக்கும் படத்தை மட்டும் எக்காரணம் கொண்டும் போட வேண்டாம்.

விருந்தினரைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தால் அவர் சாப்பாட்டுக்கு யார் பணம் கொடுப்பது?

முதல் இரண்டு முறை நிர்வாகக் கணக்கிலிருந்து. மூன்றாம் முறை அழைத்து வந்தவர் கொடுப்பார். ஒன்றே ஒன்று, மதியம் 2 மணிக்குள் பொருளாளருக்குப் போன் செய்து எண்ணிக்கையைச் சொல்லிவிடுங்கள். போன கூட்டத்தில் சொல்லாமல் நான்கு விருந்தினர் வந்து, கடைசிப் பந்தியில் நானும் செயலாளரும் சட்னியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நால்வரில் மூன்று பேர் அடுத்த முகாமுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால் புகார் ஒன்றும் இல்லை.